மதியத்தில் எடை கூடாத உருளைக்கிழங்கு

காலை ஒன்பது மணிக்குச் சுத்தமான தண்ணீரில் போட்ட உருளைக்கிழங்குத் துண்டைப் பத்து மணிக்கு எடுத்து எடை போட்டால், கூடியிருக்கும். மதியம் இரண்டு மணிக்கு அதே தண்ணீரில் போட்ட துண்டை மூன்று மணிக்கு எடுத்து எடை போட்டால், போட்டபோது இருந்த எடையிலேயே இருக்கும். கிழங்கு ஒரே மூட்டை. தண்ணீர் ஒரே கேன். தராசு ஒன்றே. மூன்று வாரமாக இப்படியே நடந்துகொண்டிருந்தது. காரணம் எனக்குத் தெரியவில்லை.

தெரியவில்லை என்று எழுதவே கை கூசுகிறது. நான் ஒரு கல்லூரியின் உயிரியல் ஆய்வகத்தில் பதினேழு வருடமாக உதவியாளன். பாடம் நடத்துவது பேராசிரியர்களின் வேலை. கரைசல் கலப்பதும், கண்ணாடிக் குவளை கழுவுவதும், செய்முறை வகுப்பில் மாணவர்களின் பக்கத்தில் நிற்பதும் என் வேலை. ஆனால் சவ்வூடு பரவல் என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் போதும், யாரும் கேட்காமலே விளக்க ஆரம்பித்துவிடுவேன். முடிவெட்டுகிறவருக்கும் விளக்கியிருக்கிறேன். கழுத்தில் கத்தி இருந்தது எனக்கு. எப்போது விடுதலை என்று கடிகாரத்தைப் பார்த்தது அவர்.

மாணவர்கள் என்னைத் தங்களுக்குள் ‘சவ்வு சார்’ என்கிறார்கள். என் திறமையை மெச்சி வைத்த பெயர் என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். பத்தாவது படிக்கும் என் மகள்தான் ஒருநாள் உடைத்தாள். “அப்பா, நீங்க பேச ஆரம்பிச்சா சவ்வு மாதிரி இழுக்கிறீங்களாம். அதான் அந்தப் பேரு. என் ஃபிரண்டோட அண்ணன் சொன்னான்.”

ஆகவே இழுக்காமல் சொல்கிறேன். உருளைக்கிழங்கு என்பது கோடிக்கணக்கான சின்னஞ்சிறு பைகளின் கூட்டம். ஒவ்வொரு பையைச் சுற்றியும் ஒரு மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வு தண்ணீரைத் தாராளமாக உள்ளே வெளியே விடும். சர்க்கரையை அவ்வளவு எளிதில் விடாது. பைக்குள் இருக்கும் தண்ணீரில் ஏற்கெனவே உப்பும் சர்க்கரையுமாகப் பல பொருள்கள் கரைந்திருக்கின்றன. வெளியே சுத்தமான தண்ணீர் இருந்தால், அது உள்ளே நுழையும், துண்டு கனக்கும். வெளியே கெட்டியான சர்க்கரைக் கரைசல் இருந்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே கிளம்பிவிடும். துண்டு எடை குறைந்து துவளும். இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு கரைசலில் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அந்தக் கரைசல் எவ்வளவு கெட்டியோ, கிழங்கின் உள்ளே இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவு கெட்டி. கிழங்கை நசுக்காமல், பிழியாமல், வெறும் தராசை வைத்து அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். பதினேழு வருடமாகப் பார்க்கிறேன், எனக்கு இன்னும் அலுக்கவில்லை. சுற்றியிருப்பவர்களுக்கு அலுத்துவிட்டது என்பது வேறு விஷயம்.

எங்கள் சோதனையில் ஆறு பீக்கர்கள். முதலாவதில் வெறும் தண்ணீர். மற்ற ஐந்திலும் சர்க்கரை படிப்படியாகக் கூடும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு, ஒரு மணி நேரம். எடை மாற்றத்தை வரைபடத்தில் குறித்தால், கோடு மேலே ஆரம்பித்து இறங்கி, இரண்டாவது பீக்கருக்கும் மூன்றாவதற்கும் நடுவில் பூஜ்யத்தைக் கடக்க வேண்டும். காலைப் பிரிவுக்கு அப்படியே வந்தது. மதியப் பிரிவுக்கு முதல் பீக்கரிலேயே பூஜ்யம். அங்கிருந்து ஒரே இறக்கம்.

மதியப் பிரிவு இந்த வருடம்தான் தொடங்கியது. காலையில் எங்காவது வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள், இருபத்திரண்டு பேர். ஒரே சோதனையை வாரம் ஒருமுறை மூன்று வாரம் செய்து சராசரி எடுக்க வேண்டும் என்பது எங்கள் துறைத்தலைவி வைத்த விதி. மூன்று வாரமும் அவர்களுக்குத் தப்பாகவே வந்தது. அவர்கள் முகத்தில் தூக்கம் இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. “மதியப் பிரிவு மாணவர்கள் அளவீடுகளைக் கவனமின்றி எடுக்கின்றனர்” என்று துறைத்தலைவிக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் கையெழுத்து அழகானது. இரண்டு பிரதி எடுத்தேன்.

அந்தக் கடிதத்தின் மேல் அவர் எடுத்த முடிவு இது: மதியப் பிரிவுக்கு இந்தச் சோதனைக்கான மதிப்பெண் கிடையாது. அந்த மதிப்பெண் இல்லாவிட்டால் இருபத்திரண்டு பேரும் செய்முறைத் தேர்வில் தோற்பார்கள்; அடுத்த வருடம் மறுபடி எழுத வேண்டும். மதிப்பெண் பட்டியல் வெள்ளிக்கிழமை போகிறது.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு பெண் வந்து என் மேசை முன்னால் நின்றாள். வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். ஒரு பேக்கரியில் வேலை பார்ப்பதால் பிரிவில் எல்லோருக்கும் அவள் ‘பேக்கரி’. முழங்கையில் எப்போதும் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும்.

“சார், எங்களைப் பத்தி லெட்டர் எழுதியிருக்கீங்களாமே.”

“உங்களைப் பத்தின்னு இல்லம்மா. அளவைப் பத்தி.”

“அளவு தானா நடந்து போய்த் தராசுல ஏறலையே சார், நாங்கதானே எடுத்தோம். விடிகாலை நாலு மணியிலேருந்து மாவு எடை போட்டுட்டு வர்றேன். ஒரு ரொட்டிக்கு அஞ்சு கிராம் கூடினா மாஸ்டர் மூஞ்சியிலேயே எறிவாரு. இங்க வந்து மூணு கிராம் கிழங்கு எடை போடத் தெரியாதா எனக்கு?”

“தெரியாதுன்னு சொல்லலை. தூக்கக் கலக்கத்துல தப்பு வர்றது சகஜம்தானே.”

“இருபத்திரண்டு பேருக்கும் ஒரே தப்பாவா சார் வரும்?”

நான் என்னையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கவனக்குறைவுக்குத் திசை கிடையாது. ஒருவன் கூட்டி எழுதுவான், இன்னொருவன் குறைத்து எழுதுவான். வரிசை கட்டி ஒரே இடத்தில் வந்து நிற்பது கவனக்குறைவு இல்லை. இது பாடப்புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. நான் மாணவர்களுக்கு வருடா வருடம் படித்துக் காட்டுவதும் அதே பக்கத்தைத்தான்.

“ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதியிருக்கலாம்,” என்றேன்.

“பாத்து எழுதணும்னா சரியான விடையைப் பாத்து எழுதியிருப்போமே. புக்லயே இருக்கே.”

மேசைமேல் இருந்த பீக்கரை எடுத்துத் துடைத்தேன். அது ஏற்கெனவே துடைத்த பீக்கர்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைத்துவிடக் கூடாது. கடிதம் எழுதும் முன்பே தண்ணீர்க் கேனை மாற்றிப் பார்த்திருந்தேன். தராசை எடைக்கல் வைத்துச் சரிபார்த்திருந்தேன். காற்றில் தராசு ஆடுகிறதோ என்று மின்விசிறியை நிறுத்தி, இருபத்திரண்டு பேரை ஒரு மணி நேரம் வேகவைத்தேன். கடைசியில், உருளைக்கிழங்குக்கு உள்ளுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, மதியமானால் அது தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறது என்று ஒரு கொள்கையை உருவாக்கி, இரண்டு பக்கம் எழுதித் துறைத்தலைவியிடம் கொடுத்தேன். அவர் முழுவதையும் படித்தார். பிறகு, “செடியிலேருந்து பிடுங்கி, மூட்டையில கட்டி, இருட்டுல கிடக்குது. அதுக்கு மணி யாரு சொல்றாங்க?” என்று மட்டும் கேட்டார்.

நான் திரும்பி வரும்போது அந்தக் கொள்கையையும் திரும்பக் கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை பேக்கரி காலையிலேயே வந்துவிட்டாள். தன் இடத்தில் வேறு ஒருத்தியைக் கெஞ்சி நிறுத்திவிட்டு வந்ததாகச் சொன்னாள். “என் கைதான் தப்பு பண்ணுதுன்னா காலையிலயும் பண்ணணும்ல. பக்கத்துலயே நின்னு பாருங்க.”

நின்று பார்த்தேன். நான் வெட்டித் தட்டில் வைத்திருந்த துண்டுகளில் ஆறை எடுத்தாள். எல்லாத் துண்டையும் நானே வெட்டித் தருவதுதான் வழக்கம்; மாணவர்கள் வெட்டினால் கோணலாகிவிடும், எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. குழாய் மாதிரி ஒரு துளைப்பானைக் கிழங்குக்குள் இறக்கி, வரும் உருளையை ஒரே நீளத்துக்கு நறுக்குவேன். அவள் எடை போட்டாள், பீக்கர்களில் போட்டாள், ஒரு மணி நேரம் கழித்து எடுத்து, ஈரம் ஒற்றி, மறுபடி எடை போட்டாள். வெறும் தண்ணீரில் இருந்தது 3.04 கிராமிலிருந்து 3.23 ஆகியிருந்தது. கோடு வர வேண்டிய இடத்துக்குச் சரியாக வந்தது.

“கை அதேதான், தராசு அதேதான்,” என்றாள்.

“அப்ப மாறினது நேரம் மட்டும்தான்,” என்றேன். கிழங்குக் கடிகாரம் எனக்குள் மறுபடி டிக்டிக் என்றது.

“துண்டும் மாறியிருக்கு சார். காலையில குடுக்கிறது லேசா வளையுது. மதியம் குடுக்கிறது விறைப்பா இருக்கும். வளைச்சா டக்குன்னு ஒடியும்.”

“அதெப்படி? ஒரே கிழங்கு, ஒரே துளைப்பான். வெட்டினதும் நான்தான்.”

“நீங்க வெட்டினா தப்பே வராதுன்னு யாராவது எழுதிக் குடுத்திருக்காங்களா சார்?” என்று கேட்டுவிட்டு, பேக்கரிக்கு ஓடினாள்.

மாவைத் தொட்டே அது எப்படி வரும் என்று சொல்லக்கூடிய கைகள் அவை. அந்தக் கைகள் சொன்னதை, மாவே பிசைந்தறியாத நான் அன்று மாலைவரை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் புலம்பினேன். அவள் ஒரு சலவை இயந்திரக் கம்பெனியில் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க ஊரார் புலம்பலைக் கேட்டுவிட்டு வருகிறவள், என் பங்கையும் கேட்டபடியே துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேசையின் மறுமுனையில் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, மெஷின் ஓடலைன்னு போன் பண்றவங்க, பிளக்கு சொருகலைன்னு சொல்ல மாட்டாங்க,” என்றாள் மனைவி. “நாங்களும் கேக்க மாட்டோம். கேட்டா, எங்களை முட்டாள்னு நினைச்சியான்னு சண்டைக்கு வருவாங்க. அதனால, மெஷின் பக்கத்துல போனதுலேருந்து என்னென்ன பண்ணீங்க, ஒண்ணு விடாம வரிசையா சொல்லுங்கம்போம். சொல்லிட்டே வருவாங்க, ஒரு இடத்துல அவங்களே நின்னுடுவாங்க.”

“என்னை என்ன உன் கஸ்டமர்னு நினைச்சியா?”

“கஸ்டமர்னா கொஞ்சம் மரியாதையா பேசியிருப்பேன். சொல்லுங்க. ஆய்வகத்தைத் திறந்தீங்க. அப்புறம்?”

“எட்டரைக்குக் கிழங்கு எடுத்துத் தோல் சீவுவேன். துளைப்பான்ல குத்தி வெட்டுவேன்.”

“எத்தனை?”

“மொத்தம் நூத்தி முப்பத்திரண்டு. ரெண்டு பேருக்கு ஆறு துண்டு, பிரிவுக்குப் பதினோரு ஜோடி, ரெண்டு பிரிவு.”

“மதியத்துக்கும் சேத்து எட்டரைக்கே வெட்டிடுவீங்களா?”

“ரெண்டு தடவை வெட்டினா ரெண்டு தடவை இடத்தைக் கழுவணும். இது இந்த வருஷம் நான் கொண்டுவந்த ஏற்பாடு. மேடமே நல்ல யோசனைன்னாங்க.”

“சரி. காலைக்காரங்களோடது தட்டுல வெச்சிட்டீங்க. மிச்சம்?”

“மிச்சத்தை வாளியில போட்டு மூடிடுவேன். வெளியில வெச்சா கறுத்துடும்.”

“வெறும் வாளியிலயா?”

“வெறும் வாளியில போட்டா கறுக்காதா? தண்ணியிலதான். அதுவும் குழாய்த் தண்ணி இல்ல, காய்ச்சி வடிச்ச சுத்தமான...”

அங்கே நின்றுவிட்டேன்.

மகள் கணக்கு நோட்டிலிருந்து தலை நிமிர்ந்தாள். “அப்பா, அப்படின்னா அவங்க மதியம் பண்ற எக்ஸ்பெரிமென்ட்டை நீங்க காலையிலேயே வாளியில பண்ணி முடிச்சிட்டீங்களா?”

மனைவி சட்டையை மடித்து வைத்தாள். தொலைபேசியில் பேசும் குரலில், “உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. எங்களைத் தொடர்பு கொண்டமைக்கு நன்றி,” என்றாள்.

நடந்தது இதுதான். வாளியில் விழுந்த துண்டுகள் எட்டரை மணியிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. பைகள் ஒவ்வொன்றும் உப்பி, வெளிச்சுவரை நெருக்கித் தள்ளும் அளவுக்கு நிறைந்துவிட்டன. நிறுத்தத்தில் எத்தனை பேர் காத்திருந்தாலும், படிக்கட்டு வரை நிரம்பிய பேருந்தில் மேலும் ஒருவர் ஏற முடியாது அல்லவா? அதே கதைதான். உள்ளே இருக்கும் நெருக்கம் வெளியிலிருந்து வரும் தண்ணீரைத் திருப்பி அனுப்பிவிடும். அப்படி நிரம்பிய துண்டைத்தான் மதியம் இரண்டு மணிக்கு மாணவர்கள் கையில் கொடுத்து, எடை கூடுகிறதா பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். சர்க்கரை கொஞ்சமே உள்ள பீக்கரில்கூட அது உள்ளே இருந்ததை வெளியேதான் விடும். மதியத் துண்டின் விறைப்பும் அதனால்தான் வந்தது. மாணவர்கள் அளந்ததில் ஒரு தசமம்கூடத் தப்பில்லை. சவ்வூடு பரவலைப் பற்றி முடிவெட்டுகிறவருக்கு விளக்கியவன், தன் வாளிக்குள் அது நடந்துகொண்டிருந்ததை மூன்று வாரம் மூடி போட்டு வைத்திருக்கிறான். குழாய்த் தண்ணீரைவிடச் சுத்தமான தண்ணீராகப் பார்த்து ஊற்றியதில் பெருமை வேறு.

ஆனால் கிழங்குக் கடிகாரமும் தோன்றியபோது சரியாகத்தான் தோன்றியது. அதனால் வியாழக்கிழமை காலை பத்துத் துண்டுகளை எடை போட்டு வாளியில் இட்டு, மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். சராசரியாக 3.02 இருந்தது ஒரு மணி நேரத்தில் 3.20 ஆனது. பன்னிரண்டு மணிக்கு 3.29. ஒரு மணிக்கும் 3.29. இனிமேல் ஏறாது. ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தேன். டக்கென்று ஒடிந்தது.

துறைத்தலைவியின் அறைக்குப் போனேன். வாளி, தண்ணீர், பேருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பேருந்தில் பாதியிலேயே அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“புரிஞ்சுது சார். அந்த லெட்டர் ரெண்டு காப்பி எழுதினீங்கல்ல?”

“ஒண்ணு உங்ககிட்ட இருக்கு, இன்னொண்ணு என்கிட்ட இருக்கு மேடம்.”

“ரெண்டையும் கிழிக்கலாம். ஆனா உங்க பேச்சை மட்டும் வெச்சு நான் மார்க் போட முடியாது. மதியப் பிரிவு இன்னிக்கு ஒருதடவை செய்யட்டும். கோடு வர்ற இடத்துக்கு வந்தா நாளைக்குப் பட்டியல்ல மார்க் போகும். வரலைன்னா போகாது.” கொஞ்சம் நிறுத்தி, “அவங்ககிட்ட என்ன நடந்ததுன்னு நீங்களே சொல்லிடுங்க,” என்றார்.

இரண்டு மணிக்கு இருபத்திரண்டு பேர் முன்னால் நின்றேன். பதினேழு வருடத்தில் அவ்வளவு சுருக்கமாக நான் பேசியதில்லை. தப்பு வாளியில் இருந்தது, வாளியை வைத்தது நான், உங்கள் அளவு சரி, கடிதம் தப்பு. நான்கே வாக்கியம்.

பின்வரிசையில் கூரியர் வண்டி ஓட்டுகிறவன் கையைத் தூக்கினான். “லெட்டர் எழுதிக் குடுத்தீங்கல்ல சார், இதையும் எழுதிக் குடுப்பீங்களா?”

“எழுதிட்டேன். ரெண்டு காப்பி.”

சிரித்தார்கள். என்னோடு சேர்ந்து சிரித்தார்கள் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

அறுபத்தாறு துண்டுகளை நான் ஒருவனே வெட்டிக்கொண்டிருந்தால், கடைசித் துண்டு வருவதற்குள் முதல் துண்டு காய்ந்துவிடும். ஆகவே துளைப்பான்களைக் கொடுத்து, அவர்களையே வெட்டச் சொன்னேன். கோணலாகத்தான் வெட்டினார்கள். நாங்கள் பார்ப்பது ஒவ்வொரு துண்டும் தன் பழைய எடையில் நூற்றுக்கு எவ்வளவு மாறியது என்பதைத்தான். ஆகவே கோணலால் பெரிய பாதகமில்லை. இதுவும் எனக்குப் பதினேழு வருடமாகத் தெரிந்த விஷயம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கூரியர்காரனின் துண்டைச் சரிசெய்ய ஒரு கை தானாக வெளியே வந்தது. “சார்,” என்றாள் பேக்கரி, தன் கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல். கை திரும்பிப் போனது.

மூன்றேகால் மணிக்கு எண்கள் வர ஆரம்பித்தன. வெறும் தண்ணீரில் 3.04 இருந்தது 3.22. பக்கத்து மேசையில் 2.87 இருந்தது 3.05. கூரியர்காரனின் கோணல் துண்டும் ஆறு சதவீதம் கூடியிருந்தது. பதினோரு வரைபடத்திலும் கோடு மேலே ஆரம்பித்து, இரண்டாவது பீக்கருக்கும் மூன்றாவதற்கும் நடுவில் பூஜ்யத்தைக் கடந்தது. துறைத்தலைவி வந்து பதினொன்றையும் புரட்டிப் பார்த்தார். பட்டியலில் இருபத்திரண்டு கட்டங்களை அங்கேயே நின்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு, ஆய்வகச் சுவரில் ஒட்டுவதற்கு ஒரு குறிப்பு எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. குவளை கழுவ நின்றிருந்த பேக்கரி அதை வாங்கிப் படித்தாள். “இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ளயே கிழங்கு கறுத்துடும் சார்,” என்று பேனாவை வாங்கி அடித்துக்கொண்டே போனாள். அடித்ததுபோக மிஞ்சியதைத்தான் ஒட்டியிருக்கிறோம்:

‘கிழங்கை ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் புதிதாக வெட்டவும். வெட்டிய துண்டை எடை போடும் முன் தண்ணீரில் போடக் கூடாது. மூடிய டப்பாவில் வைத்து, பத்து நிமிடத்துக்குள் எடை போட்டுவிடவும்.’